எஃப் 16 காட்டிக்கொடுக்கும் தூசி

ஆடியில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் படமெடுக்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், அங்கே போய்க் கழற்றாதீர்கள். கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் அத்தனை காற்றாலைகளையும் அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள். அம்மியே பறக்கிற காற்றில் கேமராவின் வாயைத் திறந்து பிடித்தால் உள்ளே என்ன போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள். போய்விட்டு வந்ததும் போன் வரும்.

"அண்ணே, வானத்துல கறுப்பா புள்ளி புள்ளியா விழுதுண்ணே. லென்ஸ மாத்திப் பாத்துட்டேன், அதே எடத்துலதான் நிக்குது."

"எந்த அபெர்ச்சர்ல எடுத்தடே?"

"பதினாறுண்ணே."

"முந்தின நாள் கல்யாணத்துல எடுத்த படத்துல இருக்கா?"

"அதுல ஒண்ணுமே இல்ல. அது ரெண்டு புள்ளி எட்டுல எடுத்தது."

நாகர்கோவிலில் கல்யாணப் படமெடுக்கும் தம்பி ஒருவர். லென்ஸை மாற்றியும் புள்ளி போகவில்லை, அபெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி புகும் திறப்பு, அகன்றிருந்தால் தெரியவில்லை, சுருக்கினால் தெரிகிறது (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சுருங்கும்). நோய் என்ன என்பது நாலு வரியில் வந்துவிட்டது: சென்சாரில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதியும் சில்லில், தூசி. ஆனால் அவர் போன் பண்ணியது அதற்காக இல்லை. ஆன்லைனில் ஸ்வாப், அதாவது சென்சாரைத் துடைக்கும் துணிமுனைக் குச்சி, டப்பா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். "இன்னைக்கு ராத்திரியே தொடச்சிரட்டா?" என்பதுதான் கேள்வி.

வீட்டில் சென்சார் சுத்தம் செய்வதைப் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்: எதைக் கொண்டு துடைப்பது? அது கடைசியில் வர வேண்டிய கேள்வி என்பது என் கட்சி. அந்தப் புள்ளி ஏன் தெரிகிறது என்று புரிந்துவிட்டால் துடைக்க வேண்டிய தேவையே பல சமயம் இல்லாமல் போகும். துடைத்தே ஆக வேண்டும் என்றாலும் எங்கே துடைப்பது, எப்போது நிறுத்துவது என்பதற்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

சென்சாரில் தூசி என்று சொல்லிப் பழகிவிட்டோம். சிலிக்கான் மேல் தூசி உட்கார வழியில்லை. அதற்கு முன்னால் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, பல கேமராக்களில் கூடவே ஒரு லோ-பாஸ் ஃபில்டர், ஒரு காப்புக் கண்ணாடி என்று ஓர் அடுக்கே இருக்கிறது. தூசி உட்காருவது அந்த அடுக்கின் வெளிமுகத்தில். அங்கிருந்து பிக்சல் வரை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. படத்தில் நாம் பார்ப்பது அந்த இடைவெளியைக் கடந்து விழும் நிழல்.

மத்தியான வெயிலில் பருந்து உயரத்தில் வட்டமடிக்கும்போது தரையில் அதன் நிழலைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. கோழிக்குஞ்சைத் தூக்கத் தாழ இறங்கும்போதுதான் நிழல் கறுத்துத் தரையில் ஓடும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டத் தட்டாக இருப்பதால், உயரத்தில் இருக்கும் பருந்தைச் சுற்றிக்கொண்டு ஒளி வந்து நிழலைக் கரைத்துவிடுகிறது. கேமராவுக்குள் சூரியனின் இடத்தில் இருப்பது லென்ஸின் திறப்பு. திறப்பு அகலமாக இருந்தால் தூசியின் நிழல் கரையும், சுருங்கினால் கறுக்கும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். இடைவெளி 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலை நோக்கி வரும் ஒளிக்கூம்பு, தூசி இருக்கும் மட்டத்தில் எவ்வளவு அகலம் என்று அறிய, இடைவெளியை எஃப் எண்ணால் வகுத்தால் போதும். எஃப் 2-இல் 1 மி.மீ. எஃப் 16-இல் 0.125 மி.மீ. தூசியின் குறுக்களவு 0.05 மி.மீ. என்றால், அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன், எஃப் 2-இல் அது மறைப்பது கூம்பின் பரப்பில் 0.25 சதவீதம். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதே தூசி எஃப் 16-இல் 16 சதவீதத்தை மறைக்கிறது. எஃப் 22-க்குப் போனால் 30 சதவீதம். தூசி ஒன்றுதான், இருந்த இடத்தில்தான் இருக்கிறது, எஃப் எண் மட்டும் மாறியிருக்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 0.006 மி.மீ.; ஆகவே எஃப் 16-இல் அந்த ஒற்றைத் தூசியின் நிழல் விளிம்பு மங்கி ஏறத்தாழ 30 பிக்சல் அகலத்துக்கு விழும். தம்பி அனுப்பிய படத்தில் இருந்த புள்ளிகளும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் யாருக்கு இது பிரச்சினை, யாருக்கு இல்லை என்பதும் விளங்கிவிடும். எஃப் 1.8-இலும் 2.8-இலும் முகங்களை எடுத்துக்கொண்டிருப்பவர் சென்சாரில் தெருப்புழுதியையே வைத்திருந்தாலும் அவருக்குத் தெரியாமலே காலம் ஓடிவிடும். நிலக்காட்சி எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். எல்லோரையும் விட மோசமாக மாட்டிக்கொள்வது நகைக்கடைக்கு மேக்ரோ எடுப்பவர்கள். மூக்குத்தியை ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்க லென்ஸை நீட்டும்போது, எஃப் 16 என்று பல கேமராக்கள் சொன்னாலும் ஒளி நடந்துகொள்வது எஃப் 32 போல. அந்த இடத்தில் நம் தலைமுடித் தூசி 64 சதவீத ஒளியை மறைத்துவிடும். பின்னணியோ தூய வெள்ளை. இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை.

ஏன் எப்போதும் வானத்திலேயே விழுகிறது என்று தம்பி கேட்டார். இரண்டு காரணம். வானம் வெறுமையாக இருப்பதால் புள்ளி ஒளிந்துகொள்ள இடமில்லை. அதே புள்ளி பனங்காட்டின் மேல் விழுந்திருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. இரண்டாவது காரணம் எனக்குப் பிடித்தது. லென்ஸ் படத்தைத் தலைகீழாகத்தான் சென்சாரில் விழச் செய்கிறது. தூசி கனத்தால் கீழே இறங்கி சென்சாரின் அடிப்பகுதியில் தங்குகிறது, அந்த அடிப்பகுதிதான் படத்தில் வானம். துடைக்கும்போதும் இது வேண்டும்: கேமராவின் வாய் உங்களைப் பார்த்தபடி நேராக இருக்கையில், படத்தின் மேல் இடது மூலையில் தெரிந்த புள்ளி சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். மேல் கீழ் மட்டும் மாறும், இடம் வலம் மாறாது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சுத்தமான மூலையைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஃபிலிம் காலத்தில் இந்த வம்பே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் புதுத் துண்டு ஃபிலிம் வந்து நிற்கும், விழுந்த தூசி அந்தப் படத்தோடு நகர்ந்து போய்விடும். தூசியோடு மல்லுக்கட்டியது இருட்டறைக்காரர்கள், நெகட்டிவிலும் பிரிண்டிலும். ஊர் ஸ்டுடியோக்களில் பொடிப் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பிரிண்டின் வெள்ளைப் புள்ளிகளுக்கு மை தொட்டுக்கொண்டிருந்த பெரியவர்களின் வேலைதான் இன்று மென்பொருளுக்குப் போயிருக்கிறது. டிஜிட்டலில் ஃபிலிமின் இடம் நிரந்தரமாக ஒன்றே என்பதால் நேற்று விழுந்த தூசி நாளைய படத்திலும் இருக்கும்.

சரி, பரிசோதனை. ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் 16. வெள்ளைச் சுவரோ மடிக்கணினித் திரையில் வெற்று வெள்ளைப் பக்கமோ போதும். ஃபோகஸைக் கையால் வேண்டுமென்றே கெடுத்துவிடுங்கள்: கிட்டத்தில் இருக்கும் சுவருக்கு லென்ஸ் தொலைவில் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டுங்கள். ஷட்டர் வேகம் அரை நொடி, ஒரு நொடி என்று இறங்கும்; பரவாயில்லை, அந்த நேரத்தில் கேமராவை மெல்ல அசையுங்கள். சுவரின் கறை, திரையின் புள்ளிகள் எல்லாம் கலங்கிவிடும். சென்சாரோடு சேர்ந்து அசைகிற தூசி மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். படத்தைக் கணினியில் போட்டு கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பாருங்கள். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் புள்ளிகளை மட்டும் எடுத்துக்காட்டும் வசதியே இருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்துப் பலர் அதிர்ந்துவிடுவார்கள். கான்ட்ராஸ்ட்டை அந்த அளவுக்கு ஏற்றினால் பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த கேமராவிலும் ஏதாவது தெரியும். பதறாமல், என்ன மாதிரிப் புள்ளி என்று பாருங்கள். ஒழுங்கில்லாத வடிவில் விளிம்பு மங்கித் தெரிவது காய்ந்த தூசி, மணல், மகரந்தம். புழு போல் நெளிந்திருந்தால் துணி நார். வட்டமாக, நடுவில் சற்று வெளுத்து ஓரம் கறுத்து வளையமாகத் தெரிந்தால் அது திரவத் துளி: ஷட்டரின் எண்ணெயாக இருக்கலாம், தும்மலாக இருக்கலாம். எந்த அபெர்ச்சரிலும் மாறாமல் ஒரே ஒரு பிக்சல் மட்டும் பளிச்சென்று சிவப்பாகவோ வெள்ளையாகவோ நின்றால் அது ஹாட் பிக்சல்; அதைத் துடைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒளியை ஒரு முகக்கண்ணாடியால் மேலே திருப்பும் டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில் கண்ணால் பார்க்கும்போது தெரிந்து, படத்தில் தெரியாத தூசி சென்சாரிலேயே இல்லை. அந்த முகக்கண்ணாடிக்கு மேலே ஃபோகஸிங் ஸ்கிரீனில் இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது, அது எளிதில் கீறல் விழும் பொருள்.

காய்ந்ததா, பிசுக்கா என்ற இந்தப் பிரிவுதான் அடுத்து என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கிறது. காய்ந்தது காற்றுக்குப் போகும். பிசுக்குக்குத்தான் ஈரம் வேண்டும்.

காற்றிலிருந்து ஆரம்பிக்கும் முன், அறை. வெளிநாட்டு வீடியோக்களில் குளியலறையில் வெந்நீர் ஓடவிட்டு ஆவியில் தூசி அடங்கட்டும் என்பார்கள். நம் ஊரில் முதல் எதிரி தலைக்கு மேலே சுற்றுகிறது. மின்விசிறியை நிறுத்துங்கள். நிறுத்திய உடனே ஆரம்பிக்காதீர்கள், கிளம்பிய தூசி இறங்கக் கொஞ்ச நேரம் வேண்டும். தரையை ஈரத்துணியால் துடைத்த பிறகு, ஊதுவத்தியும் சாம்பிராணியும் கொசுவத்தியும் ஏற்றாத நேரமாகப் பாருங்கள். தோளில் துண்டு வேண்டாம், அதன் நார் மாதிரி சென்சாருக்கு ஆகாதது வேறில்லை. விசிறி இல்லாமல் சித்திரை மாதத்தில் கேமராவின் மேல் குனிந்து உட்கார்ந்தால் நெற்றியிலிருந்து வேர்வை எங்கே சொட்டும் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். நெற்றியில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் உப்புத் துளி உள்ளே விழாது. விடிகாலை நல்ல நேரம்.

முதலில் கேமராவே தன்னை உதறிக்கொள்ளட்டும். 2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1 கேமராவில்தான் இது முதலில் வந்தது. சென்சாருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய கண்ணாடியை நொடிக்கு முப்பதாயிரத்துக்கும் மேல் அதிரவைத்துத் தூசியை உதிர்க்கும் ஏற்பாடு. மூன்று ஆண்டு கழித்து கேனானின் 400டி-யிலும், 2007-இல் நிகானின் டி300-இலும் வந்தது. இப்போது அது இல்லாத கேமராவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உதிரும் தூசியைப் பிடிக்க அடியில் ஒட்டும் பட்டை வைத்திருப்பார்கள். அதனால் கேமராவை மேசையில் நேராக, அடிப்பாகம் கீழே இருக்கும்படி வைத்துவிட்டு மெனுவில் இதை ஓட்ட வேண்டும். தோளில் தொங்கும்போது ஓட்டினால் தூசி எந்தப் பக்கம் விழுவது என்று அதற்கே தெரியாது. நாலைந்து முறை ஓட்டிவிட்டு மறுபடி சோதனைப் படம். இதிலேயே சில புள்ளிகள் காணாமல் போயிருக்கும்.

அடுத்து ப்ளோயர். கையால் அமுக்கும் ரப்பர் குமிழ். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: பின்பக்கம் தனியாகக் காற்றை இழுக்கும் வால்வு இருக்கிறதா? இல்லாவிட்டால் மூக்கு வழியே ஊதிய தூசியை மூக்கு வழியே இழுத்துக்கொண்டு மறுபடி சென்சாரின் மேலேயே ஊதும். மலிவான சிலவற்றின் உள்ளே மாவு மாதிரி தூள் இருக்கும், ஆகவே முதலில் ஒரு கறுப்புத் துணியின் மேல் பலமாக ஊதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகக்கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றினாலே சென்சார் எதிரே இருக்கும். டிஎஸ்எல்ஆரில் மெனுவுக்குள் போய்க் கையால் சுத்தம் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்தால் முகக்கண்ணாடி மேலே ஏறி ஷட்டர் திறந்து நிற்கும். அதற்கு பேட்டரி முழுக்க சார்ஜாக இருக்க வேண்டும், நடுவில் சார்ஜ் தீர்ந்தால் ஷட்டர் இதழ்கள் உங்கள் கருவியின் மேலேயே மூடும். பட்டனை அமுக்கியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் வேகத்தில், அதைப் பிடித்துக்கொண்டு செய்யலாம் என்று சொல்பவர்கள் விரல் நழுவாது என்று நம்புகிறவர்கள். வாய் கீழே பார்க்கும்படி கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கீழிருந்து ஊதுங்கள், கிளம்பும் தூசி வெளியே விழ வழி கிடைக்கும். ப்ளோயரின் மூக்கு, லென்ஸ் மாட்டும் மவுண்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது.

வாயால் ஊதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எச்சில் காய்ந்து பிசுக்காகும். கம்ப்யூட்டர் கடைகளில் விற்கும் டப்பாக் காற்று இன்னும் மோசம். டப்பாவைச் சற்றுச் சாய்த்தாலே உள்ளே இருக்கும் திரவம் அப்படியே பீச்சி கண்ணாடியில் உறையும். ஒருவர் பஞ்சர் கடை கம்ப்ரஸரை யோசனை சொன்னார். அதில் வரும் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்தே வரும். டயருக்கு அது போதும்.

தம்பிக்கு இதுவரைதான் செய்யச் சொன்னேன். பெரும்பாலான புள்ளிகள் போயின. இரண்டு நகரவே இல்லை, இரண்டும் வளையமாக இருந்தன. காற்றாலைக்குப் போய் வந்ததால் காற்றாலை மேல் பழி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் எஃப் 11-இல் எடுத்த மண்டப வெளிப்புறப் படங்களைத் தேடச் சொன்னேன். அந்த வளையங்கள் முன்பே அங்கே இருந்தன. கல்யாண வீட்டில் கேமரா சுவாசிப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள்: ஹோமத்தில் நெய்ப்புகை, ஆரத்தியில் கற்பூரக் கரி, வாசலில் தெளிக்கும் பன்னீர், அட்சதையின் மஞ்சள், பந்தலில் பறக்கும் குங்குமம். அத்தனைக்கும் நடுவில் அவசர அவசரமாக லென்ஸ் மாற்றம். நெய்ப்புகைக்கு எதிரில் திறந்த கேமராவுக்குள் போவதைக் காற்றால் எடுக்க முடியாது.

சில சமயம் பிசுக்கு கேமராவின் உள்ளேயிருந்தே வரும். 2012-இல் வந்த நிகான் டி600 இதற்குப் பேர்போனது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே படத்தின் மேல் இடதுபக்கம் புள்ளிகள் குவிய ஆரம்பித்தன. எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வந்தன. 2013 பிப்ரவரியில் நிகானே அறிவிப்பு வெளியிட்டது. அக்டோபரில் மாற்று ஷட்டரோடு டி610 வந்தது. 2014-இல் உத்தரவாதக் காலம் முடிந்த டி600-களுக்கும் இலவசமாக ஷட்டரை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். துடைத்ததும் புள்ளி அதே பகுதியில் திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் வீட்டுத் தூசியைக் குறை சொல்ல வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி ஈரத் துடைப்பு. இதில் ஏன் ஊதிய பிறகுதான் துடைக்க வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி கிடக்கிறது. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் தேரிக்காட்டின் செம்மணல் பார்த்திருப்பீர்கள். சிவப்பு நிறம் மேலே பூசிய இரும்பு ஆக்ஸைடால் வருவது. உள்ளே இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கம். ஃபில்டரின் மேல் ஒரு குவார்ட்ஸ் துகள் உட்கார்ந்திருக்கும்போது ஈர ஸ்வாப்பை இழுத்தால், ஸ்வாப் அந்தத் துகளைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியின் குறுக்கே கோடு போடும். துணியால் கீறல் விழுவதில்லை, துணியில் சிக்கிய மணலால் விழுகிறது. அந்தக் கீறலை எந்த மென்பொருளும் நிரந்தரமாகச் சரிசெய்யாது, ஃபில்டர் அடுக்கையே மாற்ற வேண்டிவரும். உத்தரவாதமும் பேசாது. கையேடுகள் பெரும்பாலும் ப்ளோயரோடு நிறுத்திக்கொண்டு, மீதிக்கு சர்வீஸ் சென்டருக்கு வரச் சொல்வது இதனால்தான். இதற்கு மேல் செய்வது உங்கள் பொறுப்பு.

ஸ்வாப்பின் அகலம் சென்சாரின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் 36-க்கு 24 மி.மீ., ஆகவே 24 மி.மீ. ஸ்வாப். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 15 முதல் 16 மி.மீ., அதற்கு 16 மி.மீ. ஸ்வாப். ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ்வரை மூடிவிடுவதற்காக இந்த அளவு. சின்னதை வைத்து இரண்டு மூன்று தடமாக இழுத்தால் தடங்களுக்கு நடுவே திரவம் கோடாகக் காயும். திரவம் சென்சாருக்கென்றே விற்பதாக இருக்கட்டும். அதில் பெரும்பாலும் ஆவியாகித் தடமின்றிப் போகும் தூய மெத்தனால் இருக்கும், சில நிறுவனங்கள் ஆல்கஹால் இல்லாமலும் செய்கின்றன. மெத்தனால் விஷம், தீப்பற்றக்கூடியது. குழந்தைகள் கைக்கு எட்டாமல், அடுப்புக்குத் தள்ளி. மருந்துக்கடை ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் நீல ஸ்ப்ரே, காது குடையும் பஞ்சுக்குச்சி மூன்றும் இந்த மேசைக்கு வரக் கூடாது.

ஸ்வாப்பின் ஓரத்தில் இரண்டு துளி, மூன்றுக்குப் போகாதீர்கள். நாலைந்து நொடி ஊற விட்டால் துணி முழுக்கப் பரவிவிடும். சொட்டச் சொட்ட இருந்தால் திரவம் ஃபில்டரின் ஓரத்தில் புகுந்து பிறகு மெல்ல வெளியேறிக் கறையாகும். கைப்பிடி இலேசாக வளைகிற அழுத்தத்தில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நிற்காமல் ஓர் இழுப்பு. அங்கே சென்றதும் எடுத்து, மறுபக்கத்தைத் திருப்பி, வந்த வழியே ஓர் இழுப்பு. அவ்வளவுதான் அந்த ஸ்வாப்பின் ஆயுள். விலையைப் பார்த்துக் கழுவிக் காயப்போட்டு மறுபடி பயன்படுத்துகிறவர்களை எனக்குத் தெரியும், சிக்கனத்துக்கு இது இடமில்லை. சென்சாரையே அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் கேமராவாக இருந்தால் அது மிதந்துகொண்டு இருக்கும். கை இன்னும் இலேசாக இருக்கட்டும், கையேட்டில் சென்சாரைப் பூட்டும் வழி சொல்லியிருந்தால் அதைச் செய்துவிட்டுத் தொடுங்கள்.

ஒட்டும் ஜெல் குச்சி என்று இன்னொன்று உண்டு. மேலிருந்து செங்குத்தாகத் தொட்டு எடுத்தால் தூசி ஒட்டிக்கொண்டு வரும், கூடவே வரும் ஒட்டுத்தாளில் தொட்டுத் தூசியை விட்டுவிடலாம். இழுக்காமல் தொட்டு எடுப்பதால் கீறல் பயம் குறைவு. ஒற்றைப் பிடிவாதத் தூசிக்கு நல்லது. எண்ணெய்க்கு உதவாது. மிதக்கும் சென்சார்களில் அது இழுக்கும் இழுப்பு எனக்கு அவ்வளவு சம்மதமில்லை.

இதை முழுதாகப் படித்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். துடைத்ததும் சோதனைப் படம், அதில் மூலையில் ஒரு புள்ளி, மறுபடி ஸ்வாப், இப்போது வேறு மூலையில் இரண்டு, மறுபடி ஸ்வாப். ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் அறையிலிருந்து புதுத் தூசி உள்ளே போகிறது, ஒவ்வொரு இழுப்பும் ஒரு கீறலுக்கான வாய்ப்பு. நான் நிறுத்துவது எப்போது என்றால், கான்ட்ராஸ்ட் ஏற்றாத எஃப் 16 படத்தைத் திரை முழுக்க விரித்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படாவிட்டால். எஃப் 32-இல் கான்ட்ராஸ்ட்டை முட்டும்வரை ஏற்றிப் புள்ளி தேடுவது படமெடுப்பவரின் வேலையே இல்லை. தம்பியின் இரண்டு வளையங்களில் ஒன்று முழுதாகப் போனது, இன்னொன்று மங்கிப்போய் ஓரத்தில் நிற்கிறது. "இன்னொரு வாட்டி தொடச்சிப் பாக்கட்டா" என்றார். "மூடிப் போட்டு வைடே" என்றேன்.

மூடி என்றதும் ஞாபகம் வருகிறது. தூசி எங்கிருந்து வருகிறது என்று காற்றையும் கடற்கரையையும் சந்தேகிக்கிறவர்கள், லென்ஸின் பின்மூடியையும் கேமராவின் வாய்மூடியையும் திருப்பிப் பார்ப்பதே இல்லை. பையின் அடியில் கிடந்து, சட்டைப்பையில் நார் சேர்த்து, நேராகப் போய் மவுண்ட்டில் உட்காருவது அவைதான். சோப்பில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தைத் துடையுங்கள், உராய்ந்து உதிரும் பொடி அங்கே இருக்கும். லென்ஸ் மாற்றும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி, வாயைக் கீழே பிடித்து, அடுத்த லென்ஸின் மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். 2018-இல் கேனான் இஓஎஸ் ஆர், கேமராவை அணைத்ததும் ஷட்டரை மூடி சென்சாரை மறைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. பிறகு சோனியின் ஆல்ஃபா 1 போன்றவையும் அந்த வசதியைத் தந்தன. எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை. ஷட்டர் இதழ் ஃபில்டர் கண்ணாடியைவிட மென்மையானது. மூடியிருக்கும் இதழின் மேல் விரல் படுவது கண்ணாடியின் மேல் தூசி படுவதைவிட மோசம். ஆனாலும் முப்பந்தலில் லென்ஸ் மாற்றியே தீருவேன் என்கிறவர்களுக்கு அது இருப்பது நல்லதுதான். அதன் மேல் ப்ளோயரை மட்டும் அடிக்காதீர்கள்.

இனி, ஏற்கனவே எடுத்து முடித்த படங்கள். தம்பியிடம் காற்றாலைப் படங்களோடு, எஃப் 11-இலும் 16-இலும் எடுத்த பழைய கல்யாண வெளிப்புறப் படங்களும் நிறைய இருந்தன, எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே வளையங்கள். புள்ளி நகராது என்பது இங்கே நமக்குச் சாதகம். கேனானிலும் நிகானிலும் ஒரு வெள்ளைப் படத்தை எடுத்துத் தூசி வரைபடமாக வைத்துக்கொண்டு அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளே நீக்கும் வசதி இருக்கிறது. ஆனால் துடைத்த பிறகு எடுத்த வரைபடம் பழைய தூசிக்குப் பயன்படாது, துடைக்கும் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். அது இல்லாததால் லைட்ரூமில் ஒரு படத்தில் புள்ளிகளை நீக்கி, அந்தத் திருத்தத்தை மொத்தப் படங்களுக்கும் ஒரே தட்டில் அனுப்பினார். வானத்தில் கச்சிதமாக வேலை செய்தது.

மறுநாள் போன்.

"அண்ணே, ஒரு கல்யாண செட்ல ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் இடிக்குது."

"என்ன?"

"பொண்ணு நெத்தியில பொட்டு இல்லண்ணே. ஏழு படத்துல."

வளையம் இருந்த அதே இடத்தில் அந்தப் பெண் நின்றிருக்கிறாள், மென்பொருளுக்கு அதுவும் இதுவும் ஒரே வட்டம். ஒவ்வொன்றாகத் திறந்து பொட்டைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் அவருக்கு ஆல்பம் பிரிண்டுக்குப் போனது.